வாழையடி வாழை: டி.என்.ஏ தன்னைப் படியெடுக்கும் கதை

களக்காட்டில் அக்கா வீட்டின் பின்வாசலைத் திறந்தால் வாழைதான். முக்கால்வாசி ஏத்தன், கொஞ்சம் ரசகதலி, வேலியோரம் வீட்டுக்கென்று நாலு செவ்வாழை. அதற்கு அந்தப் பக்கம் மலை. அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். போன முறை நான் போயிருந்தபோது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, இந்த டி.என்.ஏ படத்தைக் கண்ண மூடிக்கிட்டு வரைஞ்சிருவேன். ஆனா எதுக்கு இப்படி முறுக்கிக்கிட்டு இருக்கு, படியெடுக்க எதுக்கு இத்தனை என்சைம்னு கேட்டா ஒண்ணும் சொல்லத் தெரியல."

தோட்டத்தைக் காட்டிக் கேட்டேன். "ஏட்டி, இதுல எத்தனை வாழை விதை போட்டு முளைச்சது?"

"வாழைக்கு ஏது மாமா விதை? எல்லாம் கன்னுதான்."

அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பழத்துக்குள் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அவை முதிராமல் நின்றுபோன விதைகள். மண்ணில் போட்டால் முளைக்காது. தார் வெட்டிய தாய் வாழையின் பக்கத்தில் வரும் கன்றைப் பெயர்த்து நடுகிறோம். அது வளர்ந்து கன்று விடுகிறது, அதைப் பெயர்த்து நடுகிறோம். கல்யாண வீட்டில் "வாழையடி வாழையாக" என்று வாழ்த்துவது சும்மா இல்லை. இங்கே அப்பா இல்லை, கலப்பு இல்லை, தாயின் நகல் மட்டும்தான். தாய் வாழை ஏத்தனாக இருந்தது, கன்றும் ஏத்தனாக இருக்கிறது என்றால், "ஏத்தனாக இரு" என்ற எழுத்து எங்கோ இருந்து, அது பிசகாமல் படியெடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த எழுத்துதான் டி.என்.ஏ. கன்றின் வளர்நுனியில் ஒரு செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தடவையும், அதற்கு முன்பு முழு எழுத்தும் ஒரு முறை படியெடுக்கப்படுகிறது.

அதைக் கண்ணால் பார்க்கலாம் என்றேன். அவள் நம்பவில்லை. சரி, அடுப்படிக்குப் போனோம்.

நன்றாகப் பழுத்த பழம் பாதியை எடுத்துக் கையால் மசித்தோம். அரை டம்ளர் தண்ணீரில் அரைக் கரண்டி உப்பும், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு கரண்டியும் நுரை வராமல் கலக்கி அதில் ஊற்றினோம். பத்து நிமிடம் விட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினோம். வடிந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்துக்கொண்டு, முன்பே பிரீசரில் வைத்திருந்த சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை டம்ளரைச் சாய்த்து ஓரமாக மெல்ல ஊற்றினோம். (அடுப்பை அணைத்துவிட்டுத்தான். ஸ்பிரிட் சட்டெனத் தீப்பிடிக்கும்.) கீழே பழச்சாறு, மேலே ஸ்பிரிட் என்று இரண்டு அடுக்கு. சில நிமிடத்தில் இரண்டுக்கும் நடுவே வெள்ளையாக நூல் நூலாக ஏதோ திரண்டு மேலே எழுந்தது. ஒரு ஈர்க்குச்சியில் சுற்றி எடுத்தாள்.

"சளி மாதிரில்லா இருக்கு!"

செல்லைச் சுற்றியிருக்கும் உறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ச் சட்டியைக் கழுவும் திரவம் அதையும் உடைத்துவிடும். உள்ளே இருப்பது தண்ணீரில் வந்துவிடும். டி.என்.ஏ இழைகள் எதிர்மின்சுமை கொண்டவை, அதனால் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தச் சுமையைத் தணித்து நெருங்க விடுகிறது. ஸ்பிரிட்டில் டி.என்.ஏ கரையாது, ஆகவே திரண்டு நிற்கிறது. ஒன்றை மறைக்கக் கூடாது: அந்தக் குச்சியில் இருந்தது சுத்தமான டி.என்.ஏ இல்லை. வாழைப்பழத்தின் பெக்டின் என்ற பசைப்பொருளும் கொஞ்சம் புரதமும் ஒட்டிக்கொண்டுதான் வரும். இணையத்தில் இந்தச் சோதனையைக் காட்டுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

சளி என்று அவள் சொன்னதிலும் பிழையில்லை. 1869-இல் பிரெடரிக் மீஷர் என்ற சுவிஸ் மருத்துவர் ஜெர்மனியின் டூபிங்கன் ஊரில், மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் இருந்த சீழைக் கழுவி, அதிலிருந்த வெள்ளணுக்களின் உட்கருவில் இதே பொருளைத்தான் முதலில் பிரித்தார். நியூக்ளின் என்று பெயர் வைத்தார். பாரம்பரியத்தைச் சுமப்பது இதுதான் என்று ஏவரி என்ற விஞ்ஞானியின் குழுவினர் சோதித்துக் காட்டியது 1944-இல். அதுவரை, புரதம் போன்ற சிக்கலான ஒன்றுதான் அந்த வேலையைச் செய்யும் என்று பலரும் நினைத்திருந்தார்கள். டி.என்.ஏ அவர்கள் கண்ணுக்கு ரொம்பச் சாதாரணமாகத் தெரிந்தது.

அது எதனால் ஆனது? இதை வேதியியல் புத்தகத்தை விட அத்தானின் உரச் சாக்கை வைத்துச் சொல்வது எளிது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று மூன்றையும் வாழைக்கு வைக்கிறார். தழைச்சத்து என்பது நைட்ரஜன், மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். இந்த இரண்டும் டி.என்.ஏ-வுக்குள் போகின்றன. ஒரு சர்க்கரை, ஒரு பாஸ்பேட், ஒரு சர்க்கரை, ஒரு பாஸ்பேட் என்று மாற்றி மாற்றிக் கோத்தது அதன் முதுகு. மணிச்சத்து போய்ச் சேரும் இடங்களில் ஒன்று அது. ஒவ்வொரு சர்க்கரையிலும் நைட்ரஜன் காரம் என்ற ஒன்று தொங்கும். தழைச்சத்து அங்கே இருக்கிறது. சாம்பல் சத்துக்கு வாழையில் வேறு வேலைகள் உண்டு, டி.என்.ஏ-வின் கட்டுமானத்தில் அது கிடையாது.

எழுத்து என்று நான் சொன்னது இந்தக் காரங்களைத்தான். நாலே நாலு: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். சுருக்கமாக அ, தை, கு, சை என்று வைத்துக்கொள்வோம். நமக்கு 247 எழுத்து, இதற்கு நாலு போதும். வாழைக்கு வேண்டிய முழு எழுத்தும் அடங்கிய ஒரு தொகுப்பில் 50 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகள் உண்டு. ஏத்தன் அப்படி மூன்று தொகுப்பு வைத்திருக்கும் இனம். அதனால்தான் விதை முதிர்வதில்லை: செல் பிரியும்போது இரண்டாகப் பங்கு போட மூன்று ஒத்துவராது. ஒரு செல்லில் உள்ள எல்லாவற்றையும் நீட்டினால் ஒரு முழம் பூவை விடக் கொஞ்சம் கூடுதலாக வரும். மனிதச் செல்லில் ஒரு தொகுப்பு ஏறத்தாழ 320 கோடி எழுத்து, அப்படி இரண்டு. நீட்டினால் 2 மீட்டர், அதாவது நாலு முழத்துக்கு மேல். அது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவு, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஆறு கூறு. ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் நூல்கண்டு போலச் சுற்றிச் சுற்றித்தான் உள்ளே வைத்திருக்கிறது.

இனி அமைப்பு. தேங்காய் நார்க் கயிற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு புரி, ஒன்றையொன்று தழுவி முறுக்கேறியிருக்கும். டி.என்.ஏ-வும் இரட்டைப்புரிதான். முதுகுகள் இரண்டும் வெளியே, எழுத்துகள் உள்ளே பார்த்தபடி. ஒரு புரியின் எழுத்து எதிர்ப்புரியின் எழுத்தோடு கைகோத்து நிற்கும். ஆனால் யார் கையையும் யாரும் பிடிக்கலாம் என்பது இல்லை. அ-வுக்கு தை, கு-வுக்கு சை. வேறு சம்பந்தம் கிடையாது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? அ-வும் கு-வும் உருவத்தில் பெரியவை, தை-யும் சை-யும் சிறியவை. பெரியது இரண்டு எதிரெதிரே வந்தால் கயிறு அந்த இடத்தில் புடைக்கும், சிறியது இரண்டு வந்தால் கை எட்டாது. ஆகவே பெரியதுக்குச் சிறியது. அதிலும் அ-வுக்கும் தை-க்கும் நடுவே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, கு-வுக்கும் சை-க்கும் நடுவே மூன்று. இரண்டு விரல்காரன் இரண்டு விரல்காரனோடும், மூன்று விரல்காரன் மூன்று விரல்காரனோடும்தான் கை கோக்க முடியும். எர்வின் சார்காஃப் பல உயிர்களின் டி.என்.ஏ-வை அளந்து, எதில் பார்த்தாலும் அ-வும் தை-யும் சம அளவு, கு-வும் சை-யும் சம அளவு என்று முன்பே கண்டிருந்தார். ஏன் என்பதுதான் அப்போது யாருக்கும் பிடிபடவில்லை.

பிடிகொடுத்தது ஒரு எக்ஸ்-கதிர்ப் படம். லண்டனில் ரோசலிண்ட் பிராங்க்ளினின் மாணவர் ரேமண்ட் காஸ்லிங் 1952-இல் எடுத்தது. பிராங்க்ளினுக்குத் தெரியாமலே அந்தப் படம் ஜேம்ஸ் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழில் இரட்டைப்புரி அமைப்பை வெளியிட்டார்கள். 1962-இல் அவர்களுக்கும், பிராங்க்ளின் இருந்த அதே லண்டன் கல்லூரியில் டி.என்.ஏ-வை ஆராய்ந்த மாரிஸ் வில்கின்சுக்கும் நோபல் கிடைத்தது. பிராங்க்ளின் 1958-லேயே 37 வயதில் புற்றுநோயால் இறந்துவிட்டார். பாடப்புத்தகப் படத்தை வரையும்போது அதன் கீழே இரண்டு பெயர் மட்டும் எழுதுவது எனக்கு உறுத்தும்.

அந்தக் கட்டுரை சின்னது, ஒரு பக்கத்துக்குச் சற்று அதிகம். ஆனால் கடைசிப் பகுதியில், இந்த ஜோடி சேர்க்கையே படியெடுக்கும் வழியையும் காட்டுவது தங்கள் கவனத்துக்குத் தப்பவில்லை என்று போகிற போக்கில் சொல்லியிருப்பார்கள். என்னைக் கேட்டால் மொத்தக் கட்டுரையின் உயிரும் அந்த இடத்தில்தான். ஒரு புரியில் "அ கு சை தை" என்று இருந்தால், எதிர்ப்புரியில் "தை சை கு அ" என்றுதான் இருந்தாக வேண்டும். எதிர்ப்புரி தொலைந்தே போனாலும், கையில் இருக்கும் ஒன்றை வைத்து மற்றதைத் திரும்ப எழுதிவிடலாம். அப்படியானால் கயிற்றைப் பிரித்து, ஒவ்வொரு புரிக்கும் எதிரே புதுப்புரி எழுதினால் இரண்டு கயிறு. அவ்வளவுதான். அமைப்பு தெரிந்ததும் படியெடுக்கும் முறையும் சேர்ந்தே தெரிந்துவிட்டது.

"அப்ப புதுசா வார ரெண்டு கயித்துலயும் பாதி பழசா?" என்றாள். நல்ல கேள்வி, ஏனென்றால் இதை யாராவது நிரூபிக்க வேண்டியிருந்தது. பழைய கயிறு அப்படியே இருந்து, பக்கத்தில் முழுக்கப் புதுக் கயிறு வந்திருக்கலாம். துண்டு துண்டாகப் பழையதும் புதியதும் கலந்திருக்கலாம். 1958-இல் மெசல்சன், ஸ்டால் இருவரும் இதைத் தீர்த்த விதம் உரம் வைக்கிறவர்களுக்கு உடனே புரியும். நைட்ரஜனில் சாதாரணமானது ஒன்று, கொஞ்சம் எடை கூடியது ஒன்று என்று உண்டு. பாக்டீரியாவுக்குப் பல தலைமுறை எடை கூடிய தழைச்சத்தை மட்டும் ஊட்டி வளர்த்தார்கள். அதன் டி.என்.ஏ முழுக்கக் கனமாகிவிட்டது. பிறகு சாதாரணத் தழைச்சத்துக்கு மாற்றினார்கள். இனி எழுதப்படும் புரி எதுவானாலும் லேசாகத்தான் இருக்கும். அடர்ந்த உப்புக் கரைசலில் டி.என்.ஏ-வைப் போட்டு அதிவேகமாகச் சுழற்றினால், கனமானது கீழே ஒரு கோடாகவும் லேசானது மேலே ஒரு கோடாகவும் தனித்தனியே நிற்கும்.

ஒரு தலைமுறை கழித்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு கோடு, சரியாக நடுவில். கனமும் இல்லை, லேசும் இல்லை. பழையது அப்படியே இருக்கும் என்ற கணக்கு அங்கேயே அடிபட்டது. இரண்டாம் தலைமுறையில் இரண்டு கோடு: பாதி நடுவில், பாதி லேசான இடத்தில். துண்டு துண்டாகக் கலக்கும் என்ற கணக்குக்கு இது ஒத்துவராது, அதுவும் போயிற்று. மிச்சம் இருந்தது, ஒரு புரி பழசு, ஒரு புரி புதுசு. உயிரியலில் இவ்வளவு சுத்தமாக விடை சொன்ன சோதனைகள் ரொம்பக் கம்மி.

சரி, இவ்வளவு எளிது என்றால் அத்தனை என்சைம் (செல்லுக்குள் ஒவ்வொரு வேலையையும் செய்து முடிக்கும் புரதங்கள்) எதற்கு? கயிறும் வேலையாளும் கொடுக்கும் தொல்லைதான் காரணம்.

முதல் தொல்லை முறுக்கு. நார்க் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டிலில் கட்டிவிட்டு, மறுநுனியில் இரண்டு புரியையும் பிரித்து இழுத்துப் பாருங்கள். பிரிந்த இடத்துக்கு முன்னால் முறுக்கு ஏறிக்கொண்டே போய், கடைசியில் சுருண்டு முடிச்சு விழும். டி.என்.ஏ-வில் ஏறத்தாழ பத்து ஜோடிக்கு ஒரு முறுக்கு. ஹெலிகேஸ் என்ற என்சைம் புரிகளைப் பிரித்துக்கொண்டு போகிறது. பாக்டீரியாவில் வினாடிக்கு ஆயிரம் ஜோடி வரை பிரிகிறது, அதாவது வினாடிக்கு நூறு முறுக்கு, நிமிடத்துக்கு 6000 சுற்று. தோட்டத்து மோனோபிளாக் மோட்டார் சுற்றுவது 2880-க்குப் பக்கம்! முடிச்சு விழாமல் இருக்க, டோபோஐசோமரேஸ் என்ற இன்னொன்று முன்னால் போய்க் கயிற்றை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, வெட்டிய இடத்தைத் திரும்ப ஒட்டிவிடுகிறது. கிருமியிடம் உள்ள இந்த என்சைமை மடக்கித்தான் சிப்ரோபிளாக்சாசின் மாத்திரை வேலை செய்கிறது.

இரண்டாம் தொல்லை திசை. கோரைக்கு அடியும் நுனியும் இருப்பதுபோல டி.என்.ஏ புரிக்கும் உண்டு. அடியை 5′ முனை என்றும், நுனியை 3′ முனை என்றும் புத்தகம் சொல்லும். கயிற்றில் இரண்டு புரியும் ஒன்றுக்கொன்று தலைகீழாகக் கிடக்கின்றன: ஒன்றின் அடி இருக்கும் பக்கம் மற்றதன் நுனி. எழுத்துகளைக் கோக்கும் வேலையாள் டி.என்.ஏ பாலிமரேஸ். ஆர்தர் கார்ன்பெர்க் குழு 1950-களில் பாக்டீரியாவில் கண்டது. அவருக்கு 1959-இல் நோபல் கிடைத்தது. இந்த வேலையாளிடம் ஒரு பிடிவாதம்: புதுப்புரியின் நுனியில் மட்டும்தான் எழுத்து சேர்ப்பார். அடியில் சேர்க்கவே மாட்டார்.

இதில் என்ன சிக்கல் என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. அதனால் பிசான நெல் நடவை உதாரணமாக எடுத்துக்கொண்டோம். ஒரு நீளமான வயலில் தெற்கிலிருந்து வடக்கே தொளி அடித்துக்கொண்டு (சேறாக உழுதுகொண்டு) போகிறார்கள். பின்னாலேயே நடவு. மேற்குப் பாதிக்கு வந்த கூட்டம் தெற்கிலிருந்து வடக்கே நடும். தொளி அடிக்க அடிக்க பின்னாலேயே நட்டுக்கொண்டு போய்விடுவார்கள், இடையில் நிற்க வேண்டாம். கிழக்குப் பாதிக்கு வந்த கூட்டமோ, வடக்கிலிருந்து தெற்கேதான் நடுவோம் என்கிறது. (நிஜத்தில் அப்படி அடம்பிடித்தால் கூலி கிடைக்காது, இருக்கட்டும்.) அவர்கள் என்ன செய்ய முடியும்? கொஞ்ச தூரம் தொளி அடித்து முடியும்வரை காத்திருந்து, அதன் வடக்கு விளிம்புக்குப் போய், அங்கிருந்து தெற்கே நட்டுக்கொண்டு வந்து, ஏற்கனவே நட்ட இடத்தில் முட்டி நிற்க வேண்டும். அதற்குள் வடக்கே இன்னும் கொஞ்சம் தொளி தயாராகியிருக்கும். மறுபடி அங்கே ஓட வேண்டும்.

டி.என்.ஏ-விலும் இதுதான். ஒரு புதுப்புரி தொடர்ச்சியாக வளர்கிறது, மற்றது துண்டு துண்டாக. அந்தத் துண்டுகளை 1960-களில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் ரெய்ஜி ஒகசாகியும் அவர் மனைவி சுனெகோ ஒகசாகியும். பாக்டீரியாவில் ஒரு துண்டு ஆயிரம், இரண்டாயிரம் எழுத்து நீளம். நம்மிடம் நூறு, இருநூறுதான். துண்டுக்கும் துண்டுக்கும் இடையே உள்ள வரப்பை லைகேஸ் என்ற என்சைம் ஒட்டி மறைக்கிறது.

பாலிமரேசுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வெறும் வயலில் முதல் நாற்றை ஊன்ற மாட்டார். யாராவது ஊன்றி வைத்திருந்தால் அதை ஒட்டித் தொடர்வார். அந்த முதல் ஊன்றலை பிரைமேஸ் செய்கிறது, அதுவும் டி.என்.ஏ-வால் அல்ல, அதன் நெருங்கிய உறவான ஆர்.என்.ஏ-வால். பிறகு அந்த ஆர்.என்.ஏ அகற்றப்பட்டு, அந்த இடமும் டி.என்.ஏ-வாக நிரப்பப்படும். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பி.சி.ஆர் சோதனையும் இதே வித்தைதான். ஹெலிகேசுக்குப் பதிலாக 95 டிகிரிச் சூடு புரிகளைப் பிரிக்கும். முதல் நாற்றை நாமே தயாரித்துப் போடுவோம். வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவிலிருந்து எடுத்த, சூட்டுக்கு அசராத பாலிமரேஸ் மீதியை எழுதும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மடங்கு. முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும்.

நம் செல்லில் வேகம் குறைவு, வினாடிக்கு ஐம்பது எழுத்து போல. நம் டி.என்.ஏ குரோமோசோம் என்ற தனித்தனிக் கயிறுகளாக இருக்கிறது. முதல் குரோமோசோமில் ஏறத்தாழ 25 கோடி ஜோடி. நடுவில் ஓரிடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு போனாலும் ஒரு மாதம் ஆகும். ஆனால் எட்டு மணி நேரம் போல முடிந்துவிடுகிறது. எல்லாக் குரோமோசோமிலும் சேர்த்துப் பல்லாயிரம் இடங்களில் நடவு தொடங்குவதுதான் சூட்சுமம்.

பிழை வராதா? வரும். பாலிமரேஸ் லட்சம் எழுத்துக்கு ஒன்று போலத் தவறாகக் கோத்துவிடும். ஆனால் கோத்த கையோடு சரிபார்த்து, ஜோடி பொருந்தவில்லை என்றால் ஓர் எழுத்து பின்வாங்கி, அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் சரியானதைக் கோக்கும். அதற்கும் தப்பியதைப் பின்னால் வரும் வேறொரு குழு பிடிக்கும். எல்லாம் முடிந்தபின் மிஞ்சுவது நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவு. என் கல்யாண வரவேற்புப் பத்திரிகையை அச்சகத்தில் மூன்று பேர் மெய்ப்புப் பார்த்தார்கள். அப்படியும் "மாலை 6 மணி" என்பது "காலை 6 மணி" என்று அச்சாகி வந்தது. ஓர் எழுத்துதான். அதுவும் நல்ல தமிழ்ச் சொல்லாகவே இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. பெரியப்பா வீட்டார் விடியற்காலையில் பட்டுச்சேலையோடு வந்து இறங்கிவிட்டார்கள். அரிவாள் செல் ரத்தசோகை என்ற நோய் இதே வகை: ஹீமோகுளோபின் எழுதப்பட்டிருக்கும் இடத்தில் ஓர் அ, தை-யாக மாறியிருக்கிறது. வேறு எந்த மாற்றமும் இல்லை.

பேசிக்கொண்டே வேலியோரம் வந்துவிட்டோம். செவ்வாழை மூட்டில் புதிதாக மூன்று கன்று. இரண்டின் தண்டு வழக்கம்போலச் சிவப்பு. ஒன்று மட்டும் பச்சை. யாரோ வேறு இனத்தைக் கொண்டுவந்து நட்டுவிட்டார்கள் என்று அத்தானுக்குச் சந்தேகம். அப்படி இல்லை, செவ்வாழையில் எப்போதாவது இது நடக்கும். வளர்நுனியில் ஏதோ ஒரு செல்லின் டி.என்.ஏ-வில் சிவப்புக்கான இடத்தில் மாற்றம் விழுந்திருக்கும். படியெடுப்பில் தப்பிய பிழையாக இருக்கலாம், வெயிலோ வேறெதுவோ செய்த சேதமாகவும் இருக்கலாம். அதன்பின் அந்தச் செல் பிரியும்போதெல்லாம் அந்த மாற்றமும் ஒழுங்காகப் படியெடுக்கப்பட்டுவிட்டது.

அத்தான் மண்வெட்டியை எடுத்தார். அவள் குறுக்கே போய் நின்றாள். "இருக்கட்டும்பா. அதுவும் ஒரு தார் போடட்டும், பாப்போம்."